கோட்டையைக் காத்தவர்களைக் காத்தது எது?

செஞ்சிக் கோட்டைக்குச் சென்றால் மதில்களோடு நின்றுவிடாதீர்கள். நெற்களஞ்சியத்தையும் வீரர் விடுதிகளையும் பாருங்கள். 1690 முதல் 1698 வரை முகலாயர் முற்றுகையைத் தாங்க மதில் மட்டும் போதுமா? உள்ளிருந்தோருக்குச் சோறும் இருப்பிடமும் வேண்டுமல்லவா?

ஆலைக்கும் இதே நியதிதான். 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றிய நாளில், பக்கிங்காம் கர்நாடிக் ஆலைத் தொழிலாளர் கேட்டவற்றுள் மதிய உணவுக்குக் கூடுதல் நேரமும் ஒன்று. இத்தகைய குறைகளைக் கேட்கவென்றே, 500 பேரோ அதற்கு மேலோ உழைக்கும் தொழிற்சாலைகளில் நல அலுவலரை அமர்த்துமாறு 1948-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. பம்பாயில் 1936-லும் சென்னையில் 1952-லும் தோன்றிய சமூகப்பணிக் கல்லூரிகள் அப்பணிக்கு ஆட்களைப் பயிற்றுவித்தன.

அக்கல்வியின் வளர்ச்சியே இன்றைய மனிதவள மேலாண்மை. பட்டம் பெற்றபின் நீங்களும் இதனைப் பயிலலாம். தொழிலாளர் சட்டமும் உளவியலும் பாடங்கள். குறை கலகமாகுமுன் காதுகொடுத்துக் கேட்பதே தொழில்.