வங்குரோத்துக்குப் பின் பிளாட்டினம் அட்டை: விண்ணப்பிக்கும் முன் உங்கள் கடன் அறிக்கையைப் பாருங்கள்

கடந்த வருடம் ஊரில் நடந்த ஒரு வலீமா விருந்தில் எனது பழைய மாணவர் ஒருவரைச் சந்தித்தேன். இப்போது கொழும்பில் நல்ல தொழிலில் இருக்கிறார். தன்னுடைய பிளாட்டினம் கடனட்டையை எடுத்துக் காட்டி, விமான நிலைய ஓய்வறை, ஹோட்டல் கழிவு, வட்டியில்லாத் தவணை என்று அதன் சலுகைகளை அடுக்கிவிட்டு, "சேர், நீங்களும் ஒன்று எடுங்களேன்" என்றார். நான் வங்கிகளிடம் ஒருமுறை விழுந்து எழுந்தவன் என்பது அவருக்குத் தெரியாது.

அடுத்த வாரமே நான் ஒரு வங்கியில் விண்ணப்பித்தேன். ஓய்வறையில் உட்கார வேண்டும் என்ற ஆசையினால் அல்ல. "இவர் மீண்டுவிட்டார்" என்று யாராவது ஒருவர் எழுத்தில் தர வேண்டும் என்ற ஏக்கம்தான் காரணம். இரண்டு வாரத்தில் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. அதன்பின் நான் கற்றுக்கொண்டவற்றை எமது வாசகர்களுக்காக எழுதுகிறேன். 2020க்குப் பின்னர் கடை மூடியவர்களும், தவணை தவறியவர்களும், பிறருக்குப் பிணை நின்று மாட்டிக்கொண்டவர்களும் எம்மத்தியில் நிறையவே உள்ளனர். ஆனால் இதைப் பற்றி யாரும் வெளியில் பேசுவதில்லை.

நான் விழுந்த கதை

ஆசிரியர் கலாசாலையை விட்டு வெளியேறி நியமனம் பெற்று, கணிதம் கற்பித்துக்கொண்டிருந்த காலத்தில், மச்சானுடன் சேர்ந்து ஒரு புடவைக் கடையில் பங்கு போட்டேன். கடன் எனது பெயரில் எடுக்கப்பட்டது. பாடசாலையில் என்னோடு கற்பிக்கும் இரண்டு ஆசிரியர்கள் பிணைக் கையொப்பம் வைத்தார்கள். பெருநாள் சரக்குக்காக இரண்டு கடனட்டைகளையும் தேய்த்தேன். 2019 ஏப்ரலுக்குப் பின்னர் வியாபாரம் சரிந்தது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. சலுகைக் காலம் முடிந்தபோது தவணை கட்டப் பணம் இருக்கவில்லை. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி ஒரே நாளில் கொள்கை வட்டிவீதங்களை 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. அதன்பின் அட்டைக் கூற்றைத் திறந்து பார்க்கவே பயமாக இருந்தது. 2023இல் மனைவியின் நகைகளை விற்று, வங்கியுடன் பேசி, ஒரு தொகைக்கு உடன்பட்டுக் கணக்கை முடித்தேன். முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன்.

"வங்குரோத்து" என்று நாம் சொல்வது எது?

எமது பேச்சில் கடை மூடினாலே வங்குரோத்துதான். சட்டத்தில் அப்படியல்ல. இலங்கையில் தனிநபர் வங்குரோத்துக்கான சட்டம், ஆங்கிலேயர் காலத்து 1853ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமாகும். மாவட்ட நீதிமன்றத்துக்குச் சென்று அதன்படி வங்குரோத்தானவர் எனத் தீர்ப்புப் பெற வேண்டும். அந்த வழியில் போன எவரையும் எனது பழக்கவட்டத்தில் நான் கண்டதில்லை. நானும் போகவில்லை. எம்மில் பெரும்பாலானவர்கள் தவணை தவறி, கடிதம் வந்து, ஈற்றில் வங்கியோடு பேசித் தீர்த்தவர்களே.

லண்டனில் இருக்கும் உறவினர்கள், "ஆறு வருடம் பொறு, எல்லாம் அழிந்துவிடும்" என்று சொல்வார்கள். பிரித்தானியாவில் வங்குரோத்துப் பதிவு கடன் கோவையில் ஆறு வருடம் இருப்பதும், அமெரிக்காவில் அது பத்து வருடம் வரை இருக்கக்கூடும் என்பதும் உண்மைதான். ஆனால் அவை அந்நாடுகளின் விதிகள். இங்கு எம்மைப் பின்தொடர்வது நீதிமன்றத் தீர்ப்பு அல்ல, கொடுகடன் தகவல் பணியகத்தின் அறிக்கைதான்.

கிரிப் பற்றிய தவறான எண்ணம்

மக்கள் "கிரிப்" என்று அழைக்கும் இலங்கைக் கொடுகடன் தகவல் பணியகம், 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்டது. "கிரிப்பில் பெயர் விழுந்துவிட்டது, இனி எங்கும் கடன் கிடைக்காது" என்பது எமது ஊர்களில் சாதாரணமாகக் கேட்கும் பேச்சு. உண்மையில் அங்கு கறுப்புப் பட்டியல் என்று ஒன்று இல்லை. ஒழுங்காகக் கட்டுபவரின் பெயரும் அங்கு இருக்கிறது, தவறியவரின் பெயரும் இருக்கிறது. வங்கிகளும் நிதி நிறுவனங்களும் அனுப்பும் தகவலைப் பணியகம் தொகுத்துக் கொடுக்கிறது, அவ்வளவுதான். கடனையோ அட்டையையோ கொடுப்பதும் மறுப்பதும் வங்கியின் தீர்மானம்.

அந்த அறிக்கையை எமது தேசிய அடையாள அட்டையைக் காட்டி, ஒரு கட்டணம் செலுத்தி, நாமே பெற்றுக்கொள்ளலாம். இது பலருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. ஒரு வங்கி உத்தியோகத்தர் இரக்கப்பட்டுச் சொல்லித்தான் எடுத்தேன்.

அறிக்கையில் முக்கியமாகப் பார்க்க வேண்டியவை நான்கு. முதலாவது, உங்கள் பெயரிலுள்ள கடன்களும் அட்டைகளும், அவற்றின் நிலுவையும், எத்தனை நாள் தாமதம் என்பதும். இரண்டாவது, நீங்கள் பிணை நின்ற கடன்கள். மூன்றாவது, முடித்த கடன்கள் எவ்வாறு முடிந்ததாகக் காட்டப்பட்டுள்ளன என்பது. நான்காவது, அண்மையில் எந்தெந்த நிறுவனங்கள் உங்கள் அறிக்கையைக் கேட்டுள்ளன என்பது.

எனது அறிக்கையில் நான் கண்டது

2023இல் நான் தீர்த்த கடன், அறிக்கையில் இன்னும் செலுத்தப்படாத நிலுவையாகவே கிடந்தது. வங்கி புதிய தகவலை அனுப்பியிருக்கவில்லை. நானும் முடித்ததற்கான கடிதத்தைக் கேட்டு வாங்கியிருக்கவில்லை. காசைக் கட்டிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு வெளியேறியவன் நான். அதைவிட, பாவிக்காமல் அலுமாரியில் போட்டிருந்த ஓர் அட்டைக்கு வருடாந்தக் கட்டணம் ஏறி, அதற்குத் தாமதக் கட்டணம் ஏறி, அதுவும் நிலுவையாக நின்றது.

மறுநாள் ஆசிரியர் ஓய்வறையில், எனக்குப் பிணை நின்ற நண்பரிடம் இதைச் சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: "அதனால்தான் எனது வீட்டுக் கடனும் வரவில்லை, சேர்."

அவர் இரண்டு முறை விண்ணப்பித்திருக்கிறார். இரண்டு முறையும் மறுத்திருக்கிறார்கள். எனது தவறிய கடன் பிணையாளர் என்ற வகையில் அவருடைய அறிக்கையிலும் இருந்திருக்கிறது. கூரை போடாத வீட்டுக்குள் தகரம் அடித்துக்கொண்டு மூன்று பிள்ளைகளோடு இருந்தவர், என் முகம் வாடும் என்று ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. நானோ பிளாட்டினம் அட்டை கிடைக்கவில்லை என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

திருத்துவது எப்படி?

பணியகம் தானாக எதையும் மாற்றாது. தகவலை அனுப்பிய நிறுவனமே திருத்தி அனுப்ப வேண்டும். நான் செய்தது இதுதான். பணம் கட்டிய பற்றுச்சீட்டுகள், உடன்பாட்டுக் கடிதம், அறிக்கையின் பிரதி ஆகியவற்றை இணைத்து, வங்கிக் கிளைக்கு எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையையும் வாங்கினேன். பணியகத்துக்கும் முறையிட்டேன். சில வாரங்கள் அலைய வேண்டியிருந்தது. பின்னர் இருவருடைய அறிக்கையும் திருத்தப்பட்டன.

இங்கு இரண்டு சொற்களின் வேறுபாட்டை அறிந்திருப்பது அவசியம். வங்கி ஒரு கடனைப் "பதிவழித்தது" என்றால் உங்களை மன்னித்துவிட்டது என்று பொருளல்ல. அது வங்கியின் கணக்கு ஏற்பாடு. நீங்கள் இன்னும் கடனாளிதான். அதேபோல், ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்து முடித்த கடனும் முழுமையாகக் கட்டி முடித்த கடனும் அடுத்த வங்கியின் கண்ணுக்கு ஒன்றல்ல. எனவே உடன்படும்போதே, அறிக்கையில் எவ்வாறு காட்டப்படும் என்பதைக் கேட்டு, நிலுவை இல்லை என்ற கடிதத்தையும் பெற்றுக்கொள்ளுங்கள். வேண்டாத அட்டையை வெட்டி எறிவது போதாது. எழுத்தில் மூடுங்கள்.

மீண்டும் அட்டை பெறும் வழி

அறிக்கை திருந்திய கையோடு உயர்தர அட்டைக்கு ஓடுவது பயனற்றது. மறுக்கப்பட்டால் அடுத்த வங்கி, அதற்கடுத்த வங்கி என்று ஏறி இறங்குவது அதைவிடக் கெடுதி. ஒவ்வொரு விசாரணையும் அறிக்கையில் பதியும். பல இடங்களில் கேட்டு அலைகிறவர் நெருக்கடியில் இருக்கிறார் என்றே வங்கி எண்ணும்.

பலருக்குத் திறந்திருக்கும் வாசல், வைப்பை ஈடாக வைத்து எடுக்கும் சிறிய அட்டை. வைப்புத் தொகைக்குள் எல்லை தருவார்கள். வங்கிக்கு ஆபத்து குறைவு என்பதால் பழைய தவறு இருந்தாலும் பேச இடமுண்டு. நான் அப்படித்தான் தொடங்கினேன். எரிபொருள், மின்பட்டியல் இரண்டுக்கு மட்டும் பாவித்து, எல்லையில் மூன்றில் ஒன்றைத் தாண்டாமல், கூற்று வந்ததும் முழுத் தொகையையும் கட்டினேன். மாதம் மாதமாகச் சேரும் அந்தப் பதிவுதான் பழைய பதிவுக்கு நாம் கொடுக்கும் பதில்.

ஒரு வருடமாவது அப்படிப் போன பின்னர், அதே வங்கியில் உயர்தர அட்டையைக் கேட்கலாம். வருமானம் கணக்கினூடாக வந்திருக்க வேண்டும். கையில் வாங்கும் ரியூஷன் பணமும், கல்லாவில் புழங்கும் வியாபாரப் பணமும் வங்கியின் பார்வையில் வருமானமே அல்ல. பழைய தவறை மறைக்க வேண்டாம். அவர்கள் அறிக்கையைப் பார்க்கத்தான் போகிறார்கள். என்ன நடந்தது, எப்போது தீர்த்தீர்கள், இப்போது நிலை என்ன என்று ஒரு பக்கத்தில் எழுதி, ஆதாரங்களோடு முகாமையாளரைச் சந்தியுங்கள்.

அட்டை தேவையா? ஒரு கணக்கு

பெயர் கோல்ட், பிளாட்டினம், சிக்னேச்சர், இன்பினிட் என்று மாறினாலும் கடன் கடன்தான். உயரப்போக எல்லை கூடும், வருடாந்தக் கட்டணமும் கூடும். மத்திய வங்கி 2020 ஓகஸ்ட்டில் கடனட்டை வட்டிக்கு 18 சதவீத உச்சவரம்பு விதித்தது. நெருக்கடியில் அது நீங்கி வட்டி ஏறியது. 2023 ஓகஸ்ட்டில் மீண்டும் 28 சதவீதம் என வரம்பு வந்தது. அந்த 28ஐ வைத்துக் கணக்குப் பார்ப்போம். 100,000 ரூபா நிலுவைக்கு ஒரு மாத வட்டி சுமார் 2,333 ரூபா. குறைந்தபட்சக் கொடுப்பனவு 5 சதவீதம் என்றால் 5,000 ரூபா கட்டுவீர்கள். கடனில் குறைவது 2,667 ரூபா மட்டுமே. அதே மாதம் 3,000 ரூபாவுக்குச் சாமான் வாங்கினால் கடன் குறையவில்லை, கூடியிருக்கிறது. இந்தக் கணக்கை நான் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் போட்டுக் காட்டியவன். என் சொந்த வாழ்வில்தான் போட்டுப் பார்க்கவில்லை.

எமக்கு இன்னொரு கேள்வியும் உண்டு. முழுத் தொகையையும் உரிய நாளில் கட்டினால் வட்டி கொடுக்க நேராது. ஆனால் தவறினால் வட்டி என்ற நிபந்தனை ஒப்பந்தத்திலேயே இருப்பதால், அதில் கையொப்பமிடலாமா என்பதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உள்ளது. இதற்குத் தீர்ப்புச் சொல்ல நான் தகுதியானவன் அல்லன். கையொப்பமிட முன் கேட்டறிந்துகொள்ளுங்கள். பெரும்பாலான தேவைகளுக்கு வரவட்டையே போதும் என்பதையும் மறக்க வேண்டாம்.

வெளிநாட்டுக்கு அடிக்கடி போய்வரும் வியாபாரிக்கு உயர்தர அட்டையில் பயன் இருக்கலாம். அவர் வருடாந்தக் கட்டணத்தையும், தான் உண்மையில் பாவிக்கப்போகும் சலுகைகளின் பெறுமதியையும் ஒரு தாளில் எழுதி ஒப்பிட்டுக்கொள்ளட்டும். எனக்கு அந்த ஒப்பீடு ஒரு நிமிடத்தில் முடிந்தது. கடந்த மாதம் வங்கியே அழைத்துப் பிளாட்டினம் தருவதாகச் சொன்னது. நன்றி கூறி மறுத்துவிட்டேன்.

ஈற்றாக

கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொல்லும் வசனம்தான் அல்குர்ஆனின் மிக நீண்ட வசனம் என்பதை நாம் பெருமையோடு சொல்வோம். ஆனால் கையொப்பமிட்ட தாளைப் படிக்க மாட்டோம், தீர்த்த கடனுக்குக் கடிதம் வாங்க மாட்டோம், எமக்காகப் பிணை நின்றவரின் நிலையை விசாரிக்க மாட்டோம்.

இதை வாசிக்கும் யாராவது அந்த நிலையில் இருந்தால், அட்டைக்கு விண்ணப்பிக்கும் முன் உங்கள் அறிக்கையை எடுங்கள். அதில் பிழை இருந்தால் திருத்துங்கள். பின்னர் உங்களுக்குப் பிணை நின்றவரை அழைத்து, "எனது கடனால் உங்களுக்கு ஏதும் தடை வந்ததா?" என்று கேளுங்கள். அவராகச் சொல்ல மாட்டார்.

எனது நண்பரின் கடன் இவ்வருடம் அனுமதிக்கப்பட்டது. போன வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின்னர் அவர் வீட்டுக்குக் கூரை போடும் வேலையில் நானும் ஓடு தூக்கினேன்.