ஓர் எண்ணின் பூர்வீகம்

மடிக்கணினியில் லினக்ஸ் கிளம்பும்போது திரையில் சரசரவென்று ஓடும் வரிகளை யாரும் படிப்பதில்லை. நானும் படித்ததில்லை. ஒருநாள் இயந்திரம் பாதியில் நின்றுபோக, வேறு வழியில்லாமல் வரிவரியாகப் பார்த்தேன். நேரம் காட்டும் சில்லைப் பற்றிய ஒரு வரியில் 14.318180 மெகாஹெர்ட்ஸ் என்று இருந்தது. வினாடிக்கு நூற்றுக்கணக்கான கோடி முறை துடிக்கும் செயலிக்குப் பக்கத்தில் ஒன்றரைக் கோடிகூட எட்டாத ஒரு துடிப்பு. அதுவும் 14 இல்லை, 15 இல்லை; தசமப் புள்ளிக்குப் பின்னால் ஒரு வால்.

லினக்ஸின் மூலநிரலைத் துழாவினேன். நேரக் கணக்கு வரும் பகுதிகளில் இன்னும் இரண்டு எண்கள் கிடைத்தன: 1193182, 3579545. முதலாவதை 12-ஆல் பெருக்கினாலும் இரண்டாவதை 4-ஆல் பெருக்கினாலும் அதே 14.318 மெகாஹெர்ட்ஸுக்கு வந்து சேர்கிறோம். மூன்றும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். பூர்வீகம் எது என்று தேடக் கிளம்பினேன்.

இன்றைய மேசைக் கணினிகளில் பெரும்பாலானவற்றின் வம்சாவளியைப் பின்னோக்கிப் பிடித்துப் போனால் ஒரே வாசலில்தான் நிற்போம். ஃபுளோரிடாவின் போக்கா ரேட்டனில் டான் எஸ்ட்ரிட்ஜ் தலைமையிலான குழு சுமார் ஓராண்டில் உருவாக்கி, 1981 ஆகஸ்ட் 12 அன்று ஐபிஎம் அறிவித்த பெர்சனல் கம்ப்யூட்டர், மாடல் 5150. துப்பறிபவருக்கு அந்த இயந்திரத்தில் ஒரு வசதி உண்டு. அதன் தொழில்நுட்பக் கையேட்டை ஐபிஎம் யார் வேண்டுமானாலும் வாங்கலாம் என்று விற்றது. மின்சுற்று வரைபடங்களோடு, இயந்திரத்தை எழுப்பும் பயாஸ் நிரலும் எழுதியவர்களின் குறிப்புகளோடு முழுசாக அச்சாகியிருக்கிறது.

முதலில் பயாஸை விசாரித்தேன். இயந்திரத்துக்குள் டைமர் சில்லு ஒன்று சீரான இடைவெளியில் செயலியைத் தட்டுகிறது. ஒவ்வொரு தட்டுக்கும் பயாஸ் ஒரு கணக்கில் ஒன்றைக் கூட்டுகிறது. கணக்கு இரண்டு கட்டங்களாக இருக்கிறது: கீழ்க்கட்டம் 65536-ஐத் தொட்டதும் சுழியத்துக்குத் திரும்பும், மேல்கட்டத்தில் ஒன்று ஏறும். மேல்கட்டம் 24, கீழ்க்கட்டம் 176 ஆனதும் ஒரு நாள் முடிந்தது என்று பயாஸ் முடிவு கட்டுகிறது. பெருக்கிக் கூட்டினால் ஒரு நாளுக்கு 15,73,040 தட்டுகள், வினாடிக்கு 18.2. அந்தக் காலத்தில் பிசியில் நிரல் எழுதியவர்களுக்கு மனப்பாடமான எண் இது.

மேல்கட்டத்தில் 24 என்று இருந்ததுதான் என்னைத் தடம் மாற்றியது. நாளுக்கு 24 மணி அல்லவா! கணக்குப் போட்டேன். 65536 தட்டுகளுக்கு ஆகும் நேரம் 3599.6 வினாடி, ஏறக்குறைய ஒரு மணி நேரம். மேல்கட்டத்தைப் பார்த்தாலே மணி தெரியட்டும் என்று யாரோ ஒரு புத்திசாலி இந்த வேகத்தைத் தேர்ந்திருக்கிறார், மற்ற எண்களெல்லாம் அதிலிருந்து பிறந்தவை என்று சில நாட்கள் உறுதியாக நம்பினேன். சிலரிடம் பெருமையாகச் சொல்லியும் விட்டேன்.

காட்டிக்கொடுத்தது அந்த 176. மணிக்கணக்கு நோக்கமாக இருந்திருந்தால் அந்த இடத்தில் சுழியம் இருக்க வேண்டும். 176 தட்டுகள் என்றால் ஏறத்தாழ பத்து வினாடி. துடிப்பின் வேகத்தைத் தன் விருப்பத்துக்குத் தேரும் உரிமை இருந்த எவரும் நாளுக்குப் பத்து வினாடி இடிக்கும்படி விட்டிருக்க மாட்டார். ஆக, பயாஸை எழுதியவர் கையில் யாரோ ஓர் எண்ணைக் கொடுத்திருக்கிறார்கள். அவர் அதை வைத்துச் சமாளித்திருக்கிறார். மணியோடு அது ஒட்டி வந்தது தற்செயல்.

அடுத்து வரைபடம். டைமருக்குள் நுழையும் கம்பியில் விரலை வைத்துப் பின்னோக்கி நகர்ந்தேன். வழியில் ஒரு சில்லு துடிப்பை இரண்டால் வகுக்கிறது. அதற்கும் பின்னால் 8284 என்ற கடிகாரச் சில்லு. அதன் காலில் தொங்குகிறது ஒரு கிரிஸ்டல், பக்கத்தில் 14.31818 மெகாஹெர்ட்ஸ் என்று அச்சாகியிருக்கிறது.

8284 மூன்று பிள்ளைகளுக்குச் சோறு போடுகிறது. கிரிஸ்டலின் துடிப்பை மூன்றால் வகுத்து 8088 செயலிக்குத் தருகிறது. பிசியின் புகழ்பெற்ற 4.77 மெகாஹெர்ட்ஸ் இதுதான். ஆறால் வகுத்ததை வெளியே அனுப்புகிறது. அது மறுபடி பாதியாகி, 1.193 மெகாஹெர்ட்ஸாக டைமருக்குப் போகிறது. மூன்றாவது கம்பியில்தான் எனக்குப் பொறி தட்டியது. வகுக்காமல் கொள்ளாமல் அதே 14.31818, விரிவாக்க ஸ்லாட்டுகள் ஒவ்வொன்றுக்கும் தனியாக ஓடுகிறது. தாய்ப்பலகைக்குள் அதற்கு ஒரு வேலையும் இல்லை. ஸ்லாட்டில் வந்து உட்காரப் போகும் யாருக்கோ போட்டு வைத்த இலை அது.

8088 தாங்கும் வேகம் 5 மெகாஹெர்ட்ஸ். கடையில் 15 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் வாங்கி மாட்டியிருந்தால் மூன்றால் வகுத்து முழு வேகமும் கிடைத்திருக்கும். நான்கரை சதவீத வேகத்தை விட்டுக்கொடுத்து இந்த வாலுள்ள எண்ணை வாங்கியிருக்கிறார்கள் என்றால், இலைக்கு உரிய விருந்தாளி முக்கியமானவராகத்தான் இருக்க வேண்டும்.

பழைய கணினிகளைச் சேர்த்து வைக்கும் நண்பர் ஒருவரின் மேசையில் 5150-இன் தாய்ப்பலகையைக் கண்ணால் பார்த்தேன். பூதக்கண்ணாடியில் கிரிஸ்டலின் தகர உறை தெரிந்தது. அதன் பக்கத்திலேயே விரல் நகம் அளவில் ஒரு வட்டம், நடுவில் திருப்புளி நுழையும் பிளவு. திருகினால் மின்தேக்கத்தின் அளவு மாறும். கிரிஸ்டலின் துடிப்பு மயிரிழை அளவு ஏறும், இறங்கும். செயலிக்கு இவ்வளவு நுட்பம் தேவையே இல்லை. ரேடியோப் பெட்டிக்குள் இருக்க வேண்டிய திருகாணி, எண்களை மட்டும் அறிந்த இயந்திரத்தில் என்ன செய்கிறது?

இதே திருகாணி அடுத்த தலைமுறை இயந்திரத்திலும் இருந்தது. 1984-இல் வந்த பிசி ஏடி-யின் கையேடு அதைப் பற்றி ஒளிவுமறைவின்றிச் சொல்கிறது: வண்ணத் தொலைக்காட்சிக்குத் தேவையான நிறச் சமிக்ஞையைச் சரிசெய்வதற்காக. 14.31818-ஐ நான்கால் வகுத்துப் பாருங்கள், 3.579545. அமெரிக்காவின் என்டிஎஸ்சி ஒளிபரப்பில் நிறத்தைச் சுமந்துவரும் அலையின் அதிர்வெண் அதுதான்.

விருந்தாளி வண்ணப்பட அட்டை, சிஜிஏ. ஸ்லாட்டில் வரும் 14.31818-ஐ அப்படியே எடுத்து, ஒரு வரியில் 640 புள்ளிகள் இடுகிறது. பாதியாக்கி 320 புள்ளிகள். நான்கால் வகுத்து நிறம். அதன் முதுகில் டிவிக்கு இணைக்கும் வட்ட முனை. 5150-ஐ ஐபிஎம் அலுவலகத்துக்கு மட்டும் என்று செய்யவில்லை. 1,565 டாலர் அடிப்படை மாடலில் 16 கிலோபைட் நினைவகம்தான்; நிரல்களைச் சேமிக்க வீட்டு டேப் ரெக்கார்டரை இணைக்கும் துளை பின்னால் இருந்தது. திரையாக வீட்டு டிவி உதவும் என்ற எண்ணம் இந்த அமைப்பிலேயே தெரிகிறது. ஒரே கிரிஸ்டலில் செயலி, நேரம், நிறம் மூன்றும் ஓடினால் செலவும் மிச்சம். நான்கு மடங்கு நிற அலை 15-க்குச் சற்றுக் கீழே வந்து விழுந்தது அவர்கள் அதிர்ஷ்டம். 1977-இல் வந்த ஆப்பிள் II-வும் இதே 14.31818 கிரிஸ்டலில்தான் ஓடியது.

எதிர்சாட்சி ஒன்றையும் கூண்டில் ஏற்றினேன். எழுத்து மட்டும் காட்டும் எம்டிஏ அட்டை அலுவலகங்களுக்கானது. அதற்கென்று உள்ள பச்சைத் திரையோடு இணைவது, டிவியோடு உறவில்லாதது. அதில் 16.257 மெகாஹெர்ட்ஸில் தனிக் கிரிஸ்டல் இருக்கிறது! டிவி வேண்டாதவருக்கு 14.31818-உம் வேண்டாம். வழக்கு முடிந்தது.

ஆனால் பூர்வீகம் இன்னும் வரவில்லை. நிற அலைக்கு மட்டும் ஏன் இந்த வால்? 1953 டிசம்பரில் அமெரிக்க அரசின் தொலைத்தொடர்பு ஆணையம் வண்ண ஒளிபரப்பின் விதிகளை ஏற்றபோது, வீடுகளில் ஏற்கெனவே கோடிக்கணக்கான கறுப்பு வெள்ளைப் பெட்டிகள் இருந்தன. வண்ணம் வந்ததற்காக அவை குப்பைக்குப் போகக் கூடாது. அதே அலைவரிசையில் வண்ணமும் ஏற வேண்டும், பழைய பெட்டியிலும் படம் தெரிய வேண்டும். நிற அலையும் ஒலி அலையும் மோதினால் பழைய பெட்டியில் புள்ளி நெளியும். அதைத் தவிர்க்க, 4.5 மெகாஹெர்ட்ஸ் ஒலி இடைவெளியை 286-ஆல் வகுத்து, வினாடிக்கு 15,750 வரிகள் என்றிருந்ததை 15,734 சொச்சம் என்று குறைத்தார்கள். அதில் பாதியை 455-ஆல் பெருக்கி நிற அலையை வைத்தார்கள். வால் முளைத்தது அங்கேதான்.

பிற்பாடு நடந்தது குடும்பச் சொத்து கைமாறும் கதை. ஏடி-யில் 80286 செயலி 6 மெகாஹெர்ட்ஸில் ஓட, அதற்கென்று 12 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் வந்துவிட்டது. 14.31818-க்குச் செயலியோடு இருந்த உறவு அற்றது. ஆனாலும் அதற்கென்று தனிக் கடிகாரச் சில்லு வைத்துக் காப்பாற்றினார்கள். ஸ்பீக்கரில் எந்தச் சுரம் எழுப்பவும் 1193180-ஐ அந்தச் சுரத்தின் அதிர்வெண்ணால் வகுப்பதே நிரலாளர்களின் வழக்கம். அடிப்படை எண் மாறினால் விளையாட்டுகளின் இசை அபஸ்வரம் ஆகும், நேரம் தப்பும். வாங்கிய நிரல் வீணாகக் கூடாது என்று ஐபிஎம் அந்தத் துடிப்பை நிறுத்தவில்லை. அதற்குப் பின் வந்தவர்களும் நிறுத்தவில்லை.

இந்தியாவில் 1982-இல் வண்ணத் தொலைக்காட்சி வந்தபோது நாம் எடுத்துக்கொண்டது பால் முறை. அதன் நிற அலை 4.43 மெகாஹெர்ட்ஸ். ஆக, நம் ஊர் மேசைகளுக்கு வந்த பிசிகள், நம் டிவி எதற்கும் பொருந்தாத அமெரிக்க எண் ஒன்றைச் சுமந்துகொண்டேதான் வந்தன. அமெரிக்காவிலேயே அந்த ஒளிபரப்பு முறை இன்று ஓய்ந்துவிட்டது. என் மடிக்கணினியில் டிவிக்கான அந்த வட்ட முனையும் கிடையாது.

அன்று இயந்திரம் நின்றதற்குக் காரணம் வேறு. நினைவகக் கட்டை சரியாக உட்காரவில்லை, அழுத்தியதும் கிளம்பிவிட்டது. இப்போது அந்த வரி திரையில் ஓடும்போது கண் தானாக அங்கே போகிறது. எழுபது வருடங்களுக்கு முன்னால், ஏதோ ஒரு வீட்டுக் கூடத்தில் இருந்த கறுப்பு வெள்ளைப் பெட்டியில் புள்ளி நெளியக் கூடாது என்று போட்ட கணக்கு அது.