மேசையைத் திருப்பிய மனிதர்

பட்டறையில் நிற்கும் யூனிவர்சல் மில்லிங் இயந்திரத்தின் மேசைக்கு அடியில் பாகைக் குறிகள் பொறித்திருப்பதைக் கண்டிருப்பீர்கள். பெரும்பாலும் அக்குறி சுழியிலேயே நிற்கும். அது ஏன் அங்கு வந்தது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு.

1861 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. பிராவிடன்ஸ் நகரத்துத் தொழிற்சாலை ஒன்று போருக்குத் துப்பாக்கிகள் செய்துவந்தது. துப்பாக்கியின் வெடிமூடி அமரும் சிறு குழலில் துளையிடச் சுருள் துளைக்கருவிகள் தேவைப்பட்டன. அவற்றின் சுருள் காடிகளைத் தொழிலாளர் உருண்டை அரங்கொண்டு கையாலேயே இராவினர். போரோ காத்திருக்கவில்லை, அரமோ விரைந்து செல்லவில்லை.

அங்குப் பணியாற்றிய ஃபிரெடரிக் ஹோ, இக்குறையை அதே நகரத்து ஜோசப் பிரௌனிடம் எடுத்துரைத்தார். பிரௌன் கடிகாரத் தொழிலில் பயின்றவர். அளவுகோல்களில் நுண்கோடுகள் இடும் பொறியை 1850 இல் அமைத்தவர். மில்லிங் இயந்திரம் அதற்கு முன்பே இருந்தது. எனினும், நேராகச் செல்லும் மேசையைக் கொண்டு சுருளை வெட்டுவது எங்ஙனம்?

மேசை முன்னேறும்போதே, அதன் திருகுத்தண்டிலிருந்து பற்சக்கரங்கள் வழியாக வேலைப்பொருளும் சுழலுமாறு பிரௌன் செய்தார். சுருள் பிறந்தது. ஆனால் வெட்டுச்சக்கரம் காடியின் போக்கோடு இணங்காவிடில், அதன் சுவர்களைச் சுரண்டிக் காடியை அகலமாக்கிவிடும். ஆதலின் மேசையையே சுருளின் கோணத்துக்குத் திருப்பிவைத்தார். ஒரு காடி முடிந்ததும், பகுப்புத் தலை பொருளை அரைச்சுற்றுத் திருப்பி அடுத்த காடிக்கு ஆயத்தமாக்கிற்று. முதல் இயந்திரம் 1862 இல் விற்பனையாயிற்று. 1867 இல் பாரிசுப் பொருட்காட்சியிலும் இடம்பெற்றது.

இன்று பரவலாக வழங்கும் பகுப்புத் தலையில் கைப்பிடியை 40 முறை சுற்றினால் வேலைப்பொருள் ஒருமுறை சுழலும். எனவே 20 பற்களுள்ள சக்கரத்திற்குப் பல்லொன்றுக்கு 2 சுற்று. 30 பற்களாயின் ஒன்றேகால் போதாது, ஒன்றரை மிகுதி; ஒன்றும் மூன்றில் ஒரு பங்கும் வேண்டும். அதற்கென்றே துளைத்தட்டு உண்டு: 15 துளை வட்டத்தில் ஒரு முழுச்சுற்றும், மேலும் 5 துளை இடைவெளிகளும் நகர்த்தினால் கணக்குச் சரியாகிவிடும்.

நேயர்களே, மேசையைச் சுழியிலேயே விட்டுவைப்பவர் இயந்திரத்தில் பாதியையே பயன்படுத்துகிறார். ஆசிரியர் துணையுடன் பூட்டுத் திருகுகளைத் தளர்த்துங்கள். வேண்டிய கோணத்திற்குத் திருப்புங்கள். மறவாமல் இறுகப் பூட்டுங்கள். அன்று அரம் பிடித்தோர் பட்ட பாட்டிற்குக் கிடைத்த விடை அது என்பதை உங்கள் கைகளே உணரும்.