கடாரத்தில் காற்றுக்குக் காத்திருந்தவர்கள்

கடாரம் என்றவுடன் நம் நினைவுக்கு வருவது இராசேந்திர சோழனின் கப்பற்படைதான். கி.பி. 1025-ஆம் ஆண்டு வாக்கில் அப்படை வந்தது, வென்றது. மன்னனுக்குக் ‘கடாரம் கொண்டான்’ என்ற பட்டம் கிடைத்தது. பள்ளிப் பாடத்தில் கடாரத்தின் கதை அத்துடன் முடிந்துவிடுகிறது. கெடா மாநிலத்திலேயே பிறந்து, சுங்கைப் பட்டாணியிலோ பீடோங்கிலோ படிக்கும் நம் பிள்ளைகளைக் கேட்டாலும் இந்த ஒரு செய்தியைத்தான் சொல்வார்கள். கடல் கடந்து வந்து கொள்ளும்படியாக அங்கே என்னதான் இருந்தது என்று நாம் கேட்பதில்லை.

சோழர் படை வருவதற்கு முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே இந்தக் கரையில் வந்திறங்கிய சிலருடைய குறிப்புகள் நமக்குக் கிடைத்துள்ளன. அவர்கள் சீன நாட்டுப் பௌத்தத் துறவிகள். புத்தர் பிறந்த நாட்டில் சமயக் கல்வி பெற்று, நூல்களைப் படியெடுத்துக் கொண்டு, தம் நாட்டில் அறத்தைப் பரப்ப வேண்டும் என்று புறப்பட்டவர்கள். அவர்களுள் இட்சிங் என்பவர் எழுதி வைத்தவற்றைக் கொண்டே இன்றைய செய்திகளைப் பார்க்கப் போகிறோம். பாகியான், யுவான் சுவாங் ஆகிய பெயர்களோடு சேர்த்து இவர் பெயரையும் நாம் பள்ளியில் படித்திருக்கிறோம். ஆனால் இவர் நம் கடாரத்தில் தங்கியவர் என்பதைப் பலர் கவனித்ததில்லை.

இட்சிங் 635-இல் பிறந்தவர். பதினெட்டு வயதிலேயே இந்தியாவுக்குப் போக வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு உண்டாகிவிட்டது. அது நிறைவேறியபோது முப்பத்தாறு வயது ஆகியிருந்தது. உடன் வருவதாகச் சொன்ன துறவிகள் பலர். கான்டன் துறைமுகத்தில் கப்பல் ஏறும் நேரம் வந்தபோது ஒவ்வொருவராகப் பின்வாங்கினர். கடைசியில் ஷான்சிங் என்னும் இளஞ்சீடர் ஒருவர் மட்டுமே மிஞ்சினார். 671-ஆம் ஆண்டின் இறுதியில் பாரசீக வணிகர் கப்பலில் இருவரும் ஏறினர். வடகிழக்குப் பருவக்காற்று நன்றாக வீசியது. இருபது நாள்களுக்குள் ஸ்ரீவிஜய நாட்டை, அதாவது இன்றைய சுமத்திராவின் பலெம்பாங் பகுதியை, அடைந்துவிட்டனர்.

இட்சிங் அங்கே ஆறு மாதம் தங்கினார். ஸ்ரீவிஜய நகரில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிக்குகள் இருந்தனர் என்றும், அவர்களுடைய கல்வியும் ஒழுக்கமும் இந்தியாவில் உள்ளவற்றிலிருந்து வேறுபடவில்லை என்றும் அவர் எழுதுகிறார். இந்தியாவுக்குப் போக விரும்பும் சீனத் துறவி ஓரிரண்டு ஆண்டுகள் இங்கே தங்கிப் பழகிக்கொண்டு போவது நல்லது என்பதும் அவருடைய அறிவுரை. அப்படிப் பார்த்தால் அந்த நகரம் சமயப் பணிக்குப் புறப்படுவோரின் பயிற்சிக் கூடமாகவே இருந்திருக்கிறது.

புதிதாக வந்தவருக்கு அங்கே முதல் பாடம் என்ன? தத்துவம் அன்று, இலக்கணம். ‘சப்த வித்தை’ எனப்படும் வடமொழிச் சொல்லிலக்கணத்தை இட்சிங் அங்கே சிறிது சிறிதாகக் கற்றார். வேற்றுமை, காலம் காட்டும் விகுதிகள் எதுவும் இல்லாத சீன மொழி பேசி வளர்ந்தவருக்கு, முப்பத்தாறு வயதில் வடமொழியின் வேற்றுமை உருபுகள் எப்படி இருந்திருக்கும் என்று நாம் எண்ணிப் பார்க்கலாம். அந்த நாட்டில் வழங்கிய பேச்சு மொழியோ பழைய மலாய். அதைப் பொறித்த கல்வெட்டுகள் 680-களிலிருந்து நமக்குக் கிடைக்கின்றன. அவற்றின் எழுத்து பல்லவர் எழுத்தின் வழிவந்தது. காஞ்சிபுரத்தில் வழங்கிய எழுத்தின் உறவுமுறை எழுத்தைத்தான் அந்தச் சீனத் துறவி பலெம்பாங்கில் பார்த்திருக்கிறார்!

இரண்டாவது பாடம் உண்ணும் முறை. இதைப் பற்றி இட்சிங் மிக விரிவாக எழுதியிருக்கிறார். சீன மடங்களில் துறவிகள் உயர்ந்த இருக்கையில் காலை மடக்கி உட்கார்ந்து உண்டனர். மிஞ்சியதை எடுத்து வைத்து மறுபடியும் உண்டனர். இங்கேயோ காலைக் கழுவி, சிறு பலகையில் தனித்தனியே உட்கார வேண்டும். வாய் வைத்த உணவு தூய்மை கெட்டது. அதைத் தொட்டவர் கையும் வாயும் கழுவாமல் பிறரைத் தொடக்கூடாது; வணங்கவும் கூடாது. சுருங்கச் சொன்னால் அது ‘எச்சில்’. நம் வீடுகளில் மூன்று வயதுக் குழந்தைக்குப் பாட்டி சொல்லிக் கொடுக்கும் இந்த ஒன்றை விளக்க அவர் தம் நூலில் ஓர் அதிகாரமே செலவிட வேண்டியிருந்தது. பல்குச்சியால் பல் துலக்கும் முறை, குடிநீருக்கு ஒரு குடம், கால் கழுவுவதற்கு வேறொரு குடம், நீரிலுள்ள சிற்றுயிர் சாகாமல் வடிகட்டும் முறை ஆகியவையும் பாடங்களே.

விருந்து முறையையும் அவர் கண்டு எழுதினார். தென்கடல் தீவுகளில் விரத நாளுக்குத் துறவிகளை அழைக்க வரும் இல்லறத்தார், பாக்கும் நறுமண எண்ணெயும் சிறிது அரிசியும் இலையில் வைத்து, வெள்ளைத் துணியால் மூடி, நீர் தெளித்து வணங்கி அழைத்தார்களாம். உண்ட பின் பாக்கோடு கிராம்பும் கர்ப்பூரமும் மென்றார்களாம். வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கும் நமக்கு இது புதிய செய்தியாகத் தோன்றாது.

ஆசிரியரும் மாணவரும் எப்படிப் பழக வேண்டும் என்பதற்கும் வரையறை உண்டு. மாணவர் விடியற்காலையிலும் இரவிலும் ஆசிரியரிடம் போய்ப் பாடம் கேட்பார். அவருடைய உடையை மடித்து வைப்பார். அறையையும் முற்றத்தையும் பெருக்குவார். மாணவர் நோயில் விழுந்தாலோ ஆசிரியரே மருந்து கொடுத்து, பெற்ற பிள்ளையைப் போலப் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த விதி இட்சிங்குக்கே பொருந்தி வந்தது. ஸ்ரீவிஜயத்தில் ஷான்சிங் நோய்வாய்ப்பட்டார். மேலே பயணம் செய்ய முடியவில்லை. அந்த ஒரே துணையையும் ஊருக்குத் திருப்பி அனுப்பிவிட்டு இட்சிங் தனியாகப் புறப்பட்டார்.

ஸ்ரீவிஜய மன்னனின் உதவியுடன் மலாயு என்னும் நாட்டை அடைந்து, அங்கே இரண்டு மாதம் தங்கினார். பிறகு வந்து சேர்ந்த இடந்தான் கடாரம். சீன எழுத்தில் அவர் குறித்த பெயரைக் ‘கா-ச்சா’ என்று படிக்கின்றனர். வடமொழியில் கடாகம், தமிழில் கடாரம், இன்று கெடா.

கடாரம் ஏன் எல்லாருக்கும் வேண்டியிருந்தது என்பதற்கு விடை காற்றில் இருக்கிறது. பாய்மரக் கப்பல் காற்றை மீறிப் போக முடியாது. வங்கக் கடலைக் கடக்க வேண்டுமானால் வடகிழக்குப் பருவக்காற்று எழும்வரை ஒரு பாதுகாப்பான துறையில் காத்திருக்க வேண்டும். குடிநீர் வேண்டும், அரிசி வேண்டும், கப்பலைச் செப்பனிட மரம் வேண்டும். மெர்போக் ஆறும் மூடா ஆறும் கடலில் கலக்கும் பகுதியில் இவை எல்லாம் கிடைத்தன. அவற்றுக்கு மேலே, ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரமுள்ள ஜெராய் மலை, நடுக்கடலிலிருந்தே கண்ணுக்குத் தெரியும் அடையாளமாக நின்றது, இன்றும் நிற்கிறது.

672-ஆம் ஆண்டின் பன்னிரண்டாம் சீன மாதத்தில் மன்னனின் கப்பலில் இட்சிங் கடாரத்திலிருந்து பாய் விரித்தார். பத்து நாளுக்கு மேல் வடக்கே போனதும் நிக்கோபார்த் தீவுகள் எனக் கருதப்படும் இடம் வந்தது. தீவு மக்கள் சிறு படகுகளில் தேங்காயும் வாழைப்பழமும் கொண்டு வந்து கப்பலைச் சூழ்ந்தனர். அவர்கள் விரும்பிக் கேட்டது இரும்பு. இரண்டு விரல் அளவு இரும்புத் துண்டுக்கு ஐந்து முதல் பத்துத் தேங்காய் கொடுத்தார்களாம். அந்த இரும்பு எந்த ஊரில் உருக்கியது என்று அவர் எழுதவில்லை. ஆனால் கெடாவில் சுங்கை பத்து என்னுமிடத்தில் 2009 முதல் நடந்த அகழாய்வுகளில், பழங்காலத்தில் இரும்பு உருக்கிய இடங்களும் ஆற்றங்கரைப் படகுத்துறைகளும் வெளிப்பட்டதை இத்துடன் சேர்த்து எண்ணத் தோன்றுகிறது. 673-இன் தொடக்கத்தில் அவர் வங்கத்துத் தாமிரலிப்தித் துறையில் இறங்கினார். பின்பு நாளந்தாவில் பத்தாண்டுகள் படித்தார்.

திரும்பும் வழியைப் பற்றி அவர் எழுதியிருப்பது நமக்கு இன்னும் பயனுள்ளது. தாமிரலிப்தியிலிருந்து இரண்டு மாதம் கடலில் வந்தால் கடாரம். வந்து சேர்வது முதலாம் அல்லது இரண்டாம் மாதம். அதன்பின் குளிர்காலம் வரும்வரை அங்கேயே தங்க வேண்டும். பிறகுதான் தெற்கே போகக் கப்பல் கிடைக்கும். ஆக, பெரும்பாலும் ஓராண்டையே கடாரத்தில் கழிக்கும்படி நேர்ந்தது. 685-இல் திரும்பிய இட்சிங்கின் கையில் ஐந்து இலட்சம் சுலோக அளவுள்ள ஏடுகள் இருந்தன. அத்தனை ஏட்டையும் நம் கெடாவின் மழையிலிருந்தும் செல்லிலிருந்தும் காத்து வைத்திருக்க வேண்டும்; எளிய வேலையா அது?

இட்சிங் தமக்கு முன்னும் தம் காலத்திலும் சென்ற ஐம்பதுக்கு மேற்பட்ட துறவிகளின் வரலாற்றையும் எழுதினார். அவர்களுள் வூசிங் என்பவரின் பயணம் தமிழர் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டியது. ஸ்ரீவிஜயத்திலிருந்து பதினைந்து நாளில் மலாயு, மேலும் பதினைந்து நாளில் கடாரம். அங்கே குளிர்காலத்தின் இறுதிவரை காத்திருந்தார். பிறகு மேற்கே திரும்பி முப்பது நாள் பயணம். போய்ச் சேர்ந்த இடம் நாகப்பட்டினம்! அங்கிருந்து இரண்டு நாளில் இலங்கை. ஏழாம் நூற்றாண்டிலேயே கடாரத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் ஒரு மாதக் கடல்வழி இருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. கடாரத்து அரசன் பெயரால் நாகையில் சூடாமணி விகாரம் எழுந்ததும், அதற்கு முதலாம் இராசராசன் ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடுத்ததும் மூன்று நூற்றாண்டு கழித்து, 1006-ஐ ஒட்டி நடந்தவை. அந்த விகாரம் வேரூன்றிய மண்ணில் முன்பே நெடுங்காலப் பழக்கம் இருந்திருக்கிறது.

சமயக் கல்வி இந்தக் கடல்வழியை விட்டுப் பின்னாளிலும் விலகவில்லை. சயாமில் தோன்றிய கத்தோலிக்கக் குருமார் கல்லூரி ஒன்று போர்களால் இடம்பெயர்ந்து, 1770-களில் புதுச்சேரியை அடுத்த வீராம்பட்டினத்தில் இயங்கியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது கெடாவுக்கு எதிரே பினாங்கில் மீண்டும் திறக்கப்பட்டது.

போனவர்கள் எல்லாரும் திரும்பவில்லை. சாங்மின் என்ற துறவி சென்ற வணிகக் கப்பல் சுமை மிகுந்து மூழ்கியது. படகில் ஏறிக்கொள்ளுமாறு கப்பல் தலைவன் அழைத்தும், வேறொருவரை ஏற்றிக்கொள்ளச் சொல்லிவிட்டு, கைகூப்பியபடி அவர் நீரில் மறைந்தார். சீடரும் அவரோடு மாண்டார். 689-இல் ஏடுகளை மொழிபெயர்க்க இட்சிங்குக்கு உதவியாக ஸ்ரீவிஜயம் வந்த நால்வரில் ஒருவன் ஹுவாய்யே, வயது பதினேழு. உள்ளூர் மொழியும் வடமொழி எழுத்தும் கற்றுக்கொண்ட அவனுக்கு அந்த ஊர் பிடித்துப்போயிற்று. மற்றவர்கள் புறப்பட்டபோது அவன் தங்கிவிட்டான். பிழைக்க வந்த நாட்டிலேயே வேரூன்றிய நம் பாட்டன்மார்களை நினைத்தால் இந்தப் பையன் நமக்கு அயலானாகத் தெரியவில்லை.

இவர்கள் காலடி பட்ட கடாரத்தின் எச்சங்கள் இன்று எங்கே? பெரும்பாலும் ரப்பர், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவிலும் நெல்வயல் ஓரங்களிலும். முற்காலத்தில் கெடாவுக்கு உரியதாக இருந்த செபராங் பிறையில் 1834-இல் ஜேம்ஸ் லோ ஒரு கல்லைக் கண்டெடுத்தார். புத்தகுப்தன் என்னும் மாலுமி, பயணம் நல்லபடி முடிய வேண்டிப் பொறித்த ஐந்தாம் நூற்றாண்டுக் கல் அது. கொல்கத்தா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1936-37-இல் குவாரிட்ச் வேல்ஸ் என்ற ஆங்கிலேயர் பூஜாங் பள்ளத்தாக்கில் பல கட்டடங்களைத் தோண்டிக் கண்டார். 1960-ஐ ஒட்டிப் புக்கிட் பத்து பஹாட் சிவன் கோயிலின் அடிப்பகுதி சீரமைக்கப்பட்டது. மெர்போக்கில் அருங்காட்சியகம் 1980-இல் திறக்கப்பட்டது.

இழப்பும் உண்டு. நாகையில் ‘சீனக் கோயில்’ என மக்கள் அழைத்த பழைய பௌத்தக் கோபுரம் 1867-இல் இடிக்கப்பட்டது. கெடாவிலோ, சுங்கை பத்துப் பகுதியில் 11-ஆம் எண்ணிட்ட சண்டி, அதாவது பழங்கோயிலின் அடித்தளம், நில மேம்பாட்டு வேலையில் இடிக்கப்பட்டது 2013-இன் இறுதியில் வெளியே தெரிந்து பெரும் பரபரப்பாயிற்று. ஆயிரம் ஆண்டு மழையைத் தாங்கிய செங்கல், மண்வாரி இயந்திரத்துக்கு முன் நிற்கவில்லை.

பூஜாங் பள்ளத்தாக்கின் இடங்கள் பெரும்பாலும் ஜெராய் மலைக்குத் தெற்கே உள்ளவை. மலைக்கு வடக்கே, யான் வட்டாரத்து நெல்வயல்களின் நடுவில், புக்கிட் சோராஸ் என்னும் சிறு குன்று இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அங்கே பழைய கட்டடம் இருப்பது தெரியும். 2023-24-இல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் அதை முறையாகத் தோண்டினர். பௌத்தக் கட்டடமும், பல்லவ எழுத்துள்ள கல்லும், தியான நிலையில் ஏறத்தாழ ஆளுயரச் சுதை உருவங்களும் வெளிவந்தன. எட்டாம் அல்லது ஒன்பதாம் நூற்றாண்டினவாக அவற்றைக் கணித்திருக்கின்றனர். இட்சிங் கடைசியாகக் கடாரத்தை விட்டுச் சென்று ஓரிரு நூற்றாண்டு கழித்து எழுந்தவை.