புகைமண மால்ட் விஸ்கி: தென்னிந்திய வரலாறும் சுவையறிதலும்

முளைவிட்ட வாற்கோதுமையைப் பீட் புகையில் உலர்த்தி, ஒரே வடிசாலையில் வடித்து, ஓக் மரப் பீப்பாயில் முதிரவைத்த மது புகைமண சிங்கிள் மால்ட் விஸ்கி எனப்படும். பீட் என்பது புல்லும் பாசியும் சதுப்பில் மட்கி, நிலக்கரியாகும் வழியில் பாதியிலேயே நின்றுவிட்ட படிவு. முற்றா நிலக்கரி என்றும் சொல்வர். மரம் அருகிய ஸ்காட்லாந்துத் தீவுகளில் வீட்டடுப்பிலும் தானியச் சூளையிலும் எரிந்தது அதுதான். ஈரத் தானியத்தின்மேல் படியும் பீனால், கிரெசால், குவாயகால் முதலிய சேர்மங்களால் புகைமணம் வருகிறது. உலர்த்திய தானியமான மால்ட்டில் இவற்றைப் பத்து லட்சத்துக்கு இத்தனை பங்கு என்று அளப்பார்கள். ஐலா தீவின் லஃப்ராய்க் வடிசாலை மால்ட்டில் 40 பங்கு வாக்கிலும் ஆர்ட்பெக்கில் 55 வாக்கிலும் இருக்கும். அந்த எண் உலர்ந்த தானியத்துக்கு உரியது. வடிப்பிலும் முதிர்விலும் நிறையக் குறைந்துவிடும். எண்ணைப் பார்த்துப் போத்தல் வாங்குவோர் இதை மறந்துவிடுகிறார்கள்.

பீனாலின் பழைய பெயர் கார்பாலிக் அமிலம். 1865இல் கிளாஸ்கோ மருத்துவமனையில் ஜோசப் லிஸ்டர் புண்ணுக்கு இட்டதும் அதையே. ஆகவே முதல்முறை முகர்பவர் ‘ஆஸ்பத்திரி வாடை’ என்று முகம் சுளித்தால் அவர் மூக்கைக் குறை சொல்ல முடியாது. அமெரிக்க மதுவிலக்குக் காலத்தில் லஃப்ராய்க் மருந்தென்ற பெயரில் அங்கே கப்பலேறியதாக ஒரு கதை வழங்குகிறது. அதுவும் இந்த வாடையைப் பிடித்துக்கொண்டு வளர்ந்ததே.

தென்னிந்தியாவில் 19ஆம் நூற்றாண்டுச் செய்தி சுருக்கமானது: 1826இல் சென்னையில் தொடங்கிய மெக்டவல் நிறுவனம் வெளிநாட்டு மதுவையும் சுருட்டையும் இறக்குமதி செய்து விற்றது. 1937இல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு, 1939இல் வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி அடங்கிய வட ஆர்க்காடு மாவட்டத்துக்கும் வந்தது. 1948இல் சென்னை மாகாணம் முழுவதையும் மூடியது. 1971இல் தளர்ந்து, 1974இல் திரும்பி, 1981இல் மறுபடி தளர்ந்தது. 1983இல் அரசின் மது வாணிக நிறுவனமான டாஸ்மாக் ஏற்பட்டது. 2003இல் சில்லறைக் கடைகளும் அதன் கைக்கு வந்தன. இந்தக் கடைகளில் விஸ்கி என்று விற்பதில் பெரும்பங்கு கரும்பாலைக் கழிவுப்பாகிலிருந்து எடுத்த சாராயத்தை அடிப்படையாகக் கொண்டது. அதில் புகையைத் தேடுவது வீண்.

இந்தியாவின் முதல் சிங்கிள் மால்ட் எது என்பதில் ஒருமித்த கருத்தில்லை. இமாசலத்தின் சோலனைச் சிலர் சொல்வர், கோவாவில் வடித்த மெக்டவல் மால்ட்டைச் சிலர் சொல்வர். உலகச் சந்தையில் இடம் பிடித்தது பெங்களூருவின் அமிர்த் என்பதில் மட்டும் தகராறு இல்லை.

அமிர்த் வடிசாலை 1948இல் ராதாகிருஷ்ண ஜக்தாலேயால் தொடங்கப்பட்டது. ரம்மும் கலவை மதுக்களும் அதன் பிழைப்பு. மால்ட் வடித்ததும் முதலில் கலவைக்காகத்தான். அவர் மகன் நீலகண்ட ஜக்தாலே, நியூகாசிலில் மேலாண்மை படித்துக்கொண்டிருந்த தம் மகன் ரக்ஷித்திடம் இந்திய மால்ட் பிரிட்டனில் விலைபோகுமா என்று ஆராயச் சொன்னார். 2004 ஆகஸ்டில் அமிர்த் சிங்கிள் மால்ட் அறிமுகமான ஊர் கிளாஸ்கோ: கொல்லன் தெருவிலேயே ஊசி விற்கும் துணிச்சல். தொடக்கத்தில் விற்பனை மந்தம். பெங்களூருவின் வெப்பத்தில் பீப்பாயிலிருந்து ஆண்டுக்குப் பத்து விழுக்காட்டுக்கு மேல் ஆவியாகும். ஸ்காட்லாந்தில் இரண்டு விழுக்காடு. இந்த இழப்பைத் தேவதைகளின் பங்கு என்பது தொழில் வழக்கு. எட்டாண்டு தாக்குப்பிடித்த சரக்குக்குப் பிற்பாடு ‘பேராசைத் தேவதைகள்’ என்று பொருள்படும் பெயரே வைத்தார்கள். இழப்புக்கு ஈடாக முதிர்வு விரைவில் கிட்டியது.

2009இல் வந்த ஃப்யூஷன்தான் திருப்பம். புகையேறாத இந்திய வாற்கோதுமை முக்கால் பங்கு, புகையேற்றிய ஸ்காட்லாந்து வாற்கோதுமை கால் பங்கு. இரண்டையும் தனித்தனியே வடித்து, தனித்தனியே முதிரவைத்து, பிறகு ஒரே பீப்பாயில் சில மாதம் சேர்த்து வைத்தார்கள். எல்லாம் ஒரே வடிசாலையில் நடந்ததால் அது சிங்கிள் மால்ட்டே. விஸ்கி விமர்சகர் ஜிம் மர்ரே தம் 2010ஆம் ஆண்டு விஸ்கி நூலில் அதற்கு 97 மதிப்பெண் தந்து உலகில் மூன்றாவது இடத்தில் வைத்தார். ஒருவர் மூக்கின் தீர்ப்பை எவ்வளவு நம்பலாம் என்பது வேறு கேள்வி. ஆனால் அதன்பின் இந்திய மால்ட்டைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. 2012இல் கோவாவின் பால் ஜான் மால்ட்டும் லண்டனில் இறங்கியது.

சுவையறியும் முறை எளியது. துலிப் பூப்போல வாய் குறுகிய கண்ணாடிக் குவளையில் சிறிது ஊற்றி, வாயைச் சற்றே திறந்தபடி முகர வேண்டும். அடுத்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். நீர் கலக்கும்போது குவாயகால் மேற்பரப்புக்கு வருவதாக 2017இல் சுவீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழக ஆய்வாளர் இருவர் கணினிக் கணிப்பால் காட்டினர். ஐஸ் போட்டால் மணம் ஒடுங்கிவிடும்; சோடாவைப் பற்றிப் பேசவே வேண்டாம். மணத்துக்குச் சொல் தேடும்போது சாம்பிராணி, கருவாடு, தணலில் சுட்ட கத்தரிக்காய் என்று நம் வீட்டுச் சொற்களே உதவும்.

சுவைஞர் அகராதியில் ‘தோல்’ என்று ஒரு மணம் உண்டு. பழைய ஷெர்ரி ஒயின் பீப்பாயின் கொடை என்பர் சிலர். புகையோடு சேர்த்துச் சொல்வோரும் உண்டு. தோல் பதனிடும் ஆம்பூர்க்காரருக்கு இது குழப்பம் தரும். டேனரி வாசலில் அவர் அறிந்த வாடை உப்புத் தோலும் சுண்ணாம்புத் தொட்டியும் கலந்தது. சுவைஞர் நினைப்பது ஒருவேளை ருஷ்யத் தோலாக இருக்கலாம். பிர்ச் மரப்பட்டையைச் சுட்டு வடித்த எண்ணெய் அதில் பூசப்பட்டது. அந்த எண்ணெயிலும் பீட் புகையிலுள்ள குவாயகாலும் கிரெசாலும் உண்டு. பாலாற்றங்கரைத் தோலுக்கும் விஸ்கிப் பீப்பாய்க்கும் உள்ள உறவு துவர்ப்பில்தான். அதிலும் தோல் பதனிட உதவும் ஆவாரம்பட்டையின் துவர்ப்புப் பொருளான டானின் வேறு இனம். பட்டை நீரில் ஊறியெழுந்த தோலுக்குக் கடைசியில் காட்டும் கடுக்காய்த் தண்ணீர்தான் ஓக் மரத்தின் டானினுக்கு நெருங்கிய சொந்தம். பல்லிடுக்கில் கடுக்காய் நின்றவர்க்கு முதிர்ந்த மால்ட்டின் கடைவாய்த் துவர்ப்பை விளக்க வேண்டியதில்லை.

அண்மைச் செய்திகள்: நீலகண்ட ஜக்தாலே 2019இல் மறைந்தார். அதே ஆண்டு ஏப்ரலில் மதுபானங்களுக்கான இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் தர விதிகள் நடைமுறைக்கு வந்தன. 2023இல் அரியானாவின் இந்திரி தீபாவளிப் பதிப்பு என்ற புகைமண மால்ட் அமெரிக்கப் போட்டியொன்றில் முதன்மை விருது பெற்றது.

பீட் தமிழ்நாட்டிலும் உண்டு. நீலகிரிச் சோலைகளை ஒட்டிய சதுப்புகளில் அது 20,000 ஆண்டுகளுக்கு மேலாகப் படிந்து கிடக்கிறது. 1993இல் ‘நேச்சர்’ இதழில் வெளியான தொல்காலநிலை ஆய்வு அதைக் கொண்டே செய்யப்பட்டது. ஆனாலும் அமிர்த் புகையேற்றிய வாற்கோதுமையை ஸ்காட்லாந்திலிருந்தே வரவழைக்கிறது.