கறுப்புப் பெட்டியும் பத்து டிஸ்க்கும்

ப்ளேஸ்டேஷன் 2-ஐ ஆன் செய்ததும் டிவியில் நீலம் கலந்த இருட்டு கவியும். அதற்குள் சதுரக் கோபுரங்கள் சில நிற்கும். அலங்காரத்துக்கு வைத்தது என்றுதான் பலரும் நினைத்தார்கள். உண்மையில் அந்தக் கோபுரங்கள் வீட்டுக்காரரின் விளையாட்டுக் கணக்கு. எந்த கேம் எத்தனை தடவை ஓடியது என்பதை 8 எம்பி மெமரி கார்டு குறித்துவைத்துக்கொள்ளும். கேம்கள் சேரச் சேரக் கோபுரங்கள் பெருகும். திரும்பத் திரும்ப ஆடியது உயர்ந்து நிற்கும். புது கார்டு செருகினால் வெறும் இருட்டுதான்.

2000 மார்ச் 4-ம் தேதி ஜப்பானில் அந்தப் பெட்டி விற்பனைக்கு வந்தது. விலை 39,800 யென். முதல் இரண்டு நாளிலேயே பத்து லட்சத்துக்குச் சற்றுக் குறைவாக விற்றுத் தீர்ந்தது. அத்தனை பேரும் விளையாடத்தான் வாங்கினார்களா என்றால், இல்லை. டிவிடி அப்போதுதான் பரவிக்கொண்டிருந்தது. தனி டிவிடி பிளேயர் ஒன்று வாங்கவே ஏறக்குறைய அந்தத் தொகை ஆகும். அதே காசுக்குப் படமும் ஓடும், கேமும் ஓடும் என்றால் யார்தான் யோசிப்பார்கள்? பழைய ப்ளேஸ்டேஷன் டிஸ்க்குகளும் இதில் ஓடின. பெட்டி புதிது, அலமாரியில் கேம் ஏற்கெனவே தயார். “அப்பா, இதுல படமும் பாக்கலாம்பா” என்று சொல்லி அனுமதி வாங்கிய பிள்ளைகள் எல்லா நாட்டிலும் இருந்திருப்பார்கள்.

பெட்டியைத் தயாரித்த சோனிக்கு இது இனிப்பும் கசப்பும் கலந்த செய்தி. கன்சோல் வியாபாரத்தில் பெட்டியை விற்று வரும் லாபம் சொற்பம். தொடக்கத்தில் கையைக் கடிப்பதும் உண்டு. விற்கும் ஒவ்வொரு கேமுக்கும் அதைத் தயாரித்த நிறுவனம் கட்டும் உரிமத்தொகையில்தான் பணம் வரும். ஆகவே பெட்டி எத்தனை போனது என்பதோடு, பெட்டிக்கு எத்தனை டிஸ்க் போனது என்றும் அவர்கள் எண்ணுவார்கள். படம் மட்டும் பார்க்கிறவர் அந்தக் கணக்கில் பூஜ்யம்.

டிவி பக்கமே போகாத பெட்டிகளும் இருந்தன. பெட்டி வெளிவந்த அடுத்த மாதமே ஜப்பான் அரசு அதன் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டது. அதன் படம் வரையும் திறனை ஏவுகணைக்குப் பயன்படுத்திவிடலாம் என்று பயம். 2003-ல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சூப்பர்கம்ப்யூட்டிங் மையம் சுமார் 70 பெட்டிகளை வாங்கி, லினக்ஸ் ஏற்றி, ஒன்றோடொன்று இணைத்துக் கணக்குப் போட வைத்தது. எழுபது பெட்டி போயும், விளையாட ஒரு டிஸ்க் தேவைப்படவில்லை.

மொத்தக் கணக்கைப் பார்ப்போம். பெட்டிகள் சுமார் 16 கோடி, அவற்றுக்கு விற்ற கேம்கள் 150 கோடிக்கு மேல். வகுத்தால் பெட்டிக்குச் சுமார் பத்து டிஸ்க். ஆனால் இந்தப் பத்து எந்த வீட்டு அலமாரிக்கும் சரியாகப் பொருந்துவதில்லை. ஒரு வீட்டில் ஐம்பது இருக்கும். அடுத்த வீட்டில் ஒரே ஒரு கால்பந்து கேம், அதையே வருடம் பூராவும் அண்ணனும் தம்பியும் மாற்றி மாற்றி ஆடுவார்கள். அந்தப் பெட்டிக்கென்று வந்தவற்றில் அதிகம் விற்ற ‘ஜிடிஏ: சான் ஆண்ட்ரியாஸ்’கூட 1.73 கோடிதான் போனது. எல்லாரும் ஆடினார்கள் என்று பேர்பெற்ற அந்த கேமையும் பத்துப் பெட்டிக்கு ஒருவர் அளவில்தான் கடையில் காசு கொடுத்து வாங்கியிருக்கிறார்கள்.

கடையில் காசு கொடுத்து என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. சென்னை பர்மா பஜாரிலும் ரிச்சி தெருவிலும் இந்தப் பெட்டியைக் கேட்டால், அப்போது விலைக்கு முன்னால் வந்த கேள்வி, “சிப் போட்டதா, போடாததா?” சிப் போட்டது என்றால் காப்பி டிஸ்க் ஓடும். பிளாஸ்டிக் உறைக்குள் மார்க்கர் எழுத்தில் பெயர் போட்ட டிஸ்க்குகள் கொத்துக்கொத்தாகக் கைமாறின. நண்பனிடம் இரவல் வாங்கியது, செகண்ட் ஹேண்டில் எடுத்தது எல்லாம் இதே ரகம். இப்படிக் கைக்கு வந்தது எதுவும் சோனியின் பத்தைக் கூட்டாது.

2004-ல் பெட்டி இளைத்தது. இரண்டு கிலோவுக்கு மேல் இருந்தது ஒரு கிலோவுக்கும் கீழே வந்தது, தடிமன் 2.8 சென்டிமீட்டர். விலையும் இறங்க இறங்க, ப்ளேஸ்டேஷன் 3 வந்த பிறகும் அது விற்றுக்கொண்டே இருந்தது. இந்தியாவுக்கென்றே ‘ஹனுமான்: பாய் வாரியர்’ என்ற கேமை ஹைதராபாத் நிறுவனம் ஒன்று செய்தது 2009-ல், பெட்டிக்கு ஒன்பது வயதானபோது. 2013 ஜனவரியில் தயாரிப்பு நின்றது. அதற்கப்புறமும் அதே வருடக் கடைசிவரை கால்பந்து கேம் புதிதாக வந்தது.

பரணில் கிடக்கும் பெட்டியை இறக்கித் தூசி தட்டி ஆன் செய்து பாருங்கள். மெமரி கார்டு பிழைத்திருந்தால் கோபுரங்கள் தெரியும். காசு கொடுத்து வாங்கியது, இரவல் வாங்கியது, காப்பி என்று அவை பிரித்துக் காட்டுவதில்லை. கோபுரமே இல்லாத இருட்டு வந்தாலும் ஏமாற்றம் வேண்டாம். அந்த வீட்டில் நிறையப் படம் பார்த்திருப்பார்கள்.