மரக்காணக் கடற்கரையும் மூழ்கிய மரக்கலங்களும்

1. இலக்கியச் சான்று

ஓய்மாநாட்டு நல்லியக்கோடனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்டது சிறுபாணாற்றுப்படை. இதனை இயற்றிய நத்தத்தனார் இடைக்கழி நாட்டு நல்லூரினர். இடைக்கழி நாடு என்பது மரக்காணத்திற்கு வடக்கே, கடலுக்கும் கழிக்கும் இடைப்பட்ட நிலப்பகுதியாகும். எனவே, தம் நாட்டை அடுத்த கடற்கரையைப் பாடிய புலவர் அவர். எயிற்பட்டினத்தைக் கூறுமிடத்து, அலைகள் கொணர்ந்து ஒதுக்கிய மணமிக்க மரங்கள் துயிலும் ஒட்டகங்களைப் போலக் கரையிற் கிடந்தன என்றும், நுளையர் அவற்றை விறகாகக் கொண்டனர் என்றும் அவர் குறிக்கின்றார்.

எயிற்பட்டினம் இன்றைய மரக்காணமே என்பது அறிஞர் பலர் கொள்கை. கி.பி. முதல் நூற்றாண்டைச் சார்ந்த பெரிப்ளூஸ் என்னும் கிரேக்க நூல் கமரா, பொதுகே, சோபட்மா எனத் துறைகளை நிரல்படக் கூறும். அவற்றுள் இறுதியாக நின்ற சோபட்மாவும் இவ்வூரே என்பர். அத்துறைகளில் உள்நாட்டுக் கலங்களும், மரங்களைப் பிணைத்துச் செய்த பெருங்கலங்களும், கங்கைக்கும் கடல் கடந்த பொன்னாட்டிற்கும் செல்லும் கலங்களும் இருந்தன என்று அந்நூல் கூறுகின்றது.

இத்துணைக் கலங்கள் இயங்கிய கடலில் மூழ்கியனவும் பலவாதல் வேண்டும். அவற்றின் மரம் எங்கே? நத்தத்தனார் காட்டும் அடுப்பே இவ்வினாவிற்கு ஒருபகுதி விடையாகும். கடல் கரையில் ஒதுக்கிய மரத்தை மக்கள் விறகாகக் கொள்வது இயல்பு. கரை சேராது எஞ்சிய மரத்தைத் தேடுவதும், கிடைத்தவிடத்துக் காப்பதும் எத்துணை அரியன என்பதே இக்கட்டுரையின்கண் ஆராயப்படுகின்றது.

2. ஏட்டிலுள்ள கலங்களும் ஏட்டில் இல்லாதனவும்

இக்கரையின் புயல்கள் கொடியன. 1749 ஏப்ரலில் கடலூரை அடுத்த செயின்ட் டேவிட் கோட்டைக்கருகே நமூர் என்னும் ஆங்கிலப் போர்க்கலம் மூழ்கியது. 520 பேர் மாண்டனர். 1760 டிசம்பர் 31 இரவு தொடங்கி 1761 சனவரி 1 வரை வீசிய புயல், புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்த ஆங்கிலக் கடற்படையைச் சிதைத்தது. டியூக் டி அக்விடேன், சண்டர்லாந்து முதலிய கலங்கள் மூழ்கின; நியூகாசில், குவீன்பரோ, புரொடெக்டர் ஆகியன கரையில் மோதி அழிந்தன. ஏறத்தாழ 1,100 பேர் உயிரிழந்தனர்.

அரசின் கடற்படைக் கலங்களாதலின் இவற்றின் பெயரும் பீரங்கித் தொகையும் மாலுமிகளின் எண்ணிக்கையும் ஏடுகளில் நிலைபெற்றன. நம் தோணிகளுக்கும் வங்கங்களுக்கும் அத்தகைய பதிவு இல்லை. அவை எம்மரத்தால், எம்முறையால் செய்யப்பட்டன என்பதை அறிய, எஞ்சிய மரமே ஆவணம். ஆகவே, ஐரோப்பியக் கலத்தின் மரம் அழியின் ஒரு சான்று குறையும். நம் கலத்தின் மரம் அழியின் அக்கலத்தின் வரலாறே இல்லையாம்.

3. தேடலின் இடர்

கடலடியில் கலம் தேடுவோர் இரும்பை அறியும் காந்தமானியையும் ஒலியலைக் கருவியையும் பயன்படுத்துவர். பீரங்கியும் நங்கூரமும் உடைய கலத்தைக் காந்தமானி காட்டும். 1990களில் பூம்புகாருக்கு அப்பால் ஏறத்தாழ 19 மீட்டர் ஆழத்தில் ஆராயப்பெற்ற கலச்சிதைவில் ஈயக் கட்டிகள் கிடைத்தன. அவற்றிற் பொறித்த பிளாக்கெட் என்னும் பெயரும் 1791, 1792 என்னும் ஆண்டுகளும் அதன் காலத்தை உணர்த்தின.

ஆணியின்றிக் கயிற்றால் தைக்கப்பட்ட சோழமண்டலப் படகோ காந்தமானிக்குப் புலப்படாது. அதன் பலகை மறைந்தபின் எஞ்சுவன கல் நங்கூரமும் பானையோடும் பாரக்கல்லுமே. அன்றியும், தென்மேற்குப் பருவக் காற்றின்போது வடக்கேயும் வடகிழக்குப் பருவக் காற்றின்போது தெற்கேயும் மணல் நகர்வதால், ஓராண்டு வெளிப்பட்டது மறு ஆண்டு புதையும்.

கருவி காணாததை வலை காணும். இலங்கையின் தென்கரையில் கோடவாயக் கடலில், ஏறத்தாழ 33 மீட்டர் ஆழத்தில் கிடந்த ஈராயிரம் ஆண்டுப் பழமையான கலச்சிதைவை 2003இல் முதற்கண் அறிந்தோர் மீனவரே. வலை சிக்கும் இடங்களைக் கரையிலுள்ள மரத்தையும் கோபுரத்தையும் குறியாகக் கொண்டு நினைவில் வைத்திருப்போர் அவர். அந்நினைவைத் தொகுப்பது கருவி கொண்டு தேடுவதற்கு முற்பட்ட பணி என்க.

4. மரம் கெடுவதும் நிற்பதும்

வெப்பக் கடலில் மரத்தின் முதற்பகை கப்பற்புழு. மணலுக்கு மேல் நிற்கும் பலகையை அது சில ஆண்டுகளிற் சல்லடையாக்கிவிடும். 1628இல் மூழ்கிய சுவீடன் நாட்டு வாசா என்னும் கலம் 1961இல் ஏறத்தாழ முழுமையாக வெளிவந்ததற்குக் காரணம், உவர்ப்புக் குறைந்த பால்டிக் கடலில் அப்புழு வாழாமையே. நம் கடலில் அந்நலம் இல்லை.

ஆயின் காற்றுப் புகாத சேற்றில் புழுவும் வாழாது, பூஞ்சையும் பரவாது. கேரளத்தில் சேர்த்தலையை அடுத்த கடக்கரப்பள்ளியில் 18 மீட்டருக்கும் மேல் நீளமுள்ள நடுக்காலப் படகு ஒன்று ஈரநிலத்தினின்று 2000களின் தொடக்கத்தில் அகழ்ந்தெடுக்கப்பட்டது. பட்டணம் அகழாய்வில் 2007இல் மரத்தோணி ஒன்று வெளிப்பட்டது. இரண்டும் திறந்த கடலிற் கிடைத்தன அல்ல என்பது நோக்கத்தக்கது. மரக்காணத்திலும் இத்தகைய நிலம் உண்டு. கழுவெளி ஏரியும், அதனைக் கடலொடு இணைக்கும் எடையன்திட்டுக் கழிமுகமும், அவற்றை அடுத்த உப்பளங்களும் காலந்தோறும் வண்டல் படிந்த தாழ்நிலங்கள். எனவே, இக்கரையில் மரத்தைத் தேடுவோர் அலைக்கு அப்பால் நோக்குமுன் கழியின் சேற்றை நோக்குதல் வேண்டும் என்பது எம் துணிபு. 2021இல் கழுவெளி பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டமை, பறவைகளோடு அச்சேற்றையும் காக்கத் துணையாகும்.

5. காக்கும் நெறி

சேற்றிற் கிடந்த மரம் வடிவால் மரமேயன்றி வலிமையால் அன்று. அதன் நுண்ணறைகளைத் தாங்கி நிற்பது உள்ளே நிறைந்த நீரே. வெயிலில் வைத்தால் நீர் வெளியேற அறைகள் சுருங்கும். பலகை முறுகி வெடிக்கும். மரத்துள் ஊறிய உப்பு, பாத்தியில் விளைவதுபோலவே படிகமாகி இழைகளைப் பிளக்கும். ஒருமுறை உலர்ந்து சுருங்கிய மரம் பழைய வடிவை எய்தாது.

வாசாவின் மரத்தில் நீருக்கு மாற்றாக மெழுகு போன்ற வேதிப்பொருளை ஏற்ற 1962 முதல் 1979 வரை 17 ஆண்டுகள் தெளித்தனர். அதன் பின்னும், மரத்தில் ஊறியிருந்த கந்தகம் அமிலமாக மாறுவது 2000இல் அறியப்பட்டது. இங்ஙனம் தொடரும் செலவையும் காவலையும் ஏற்க இயலாதவிடத்து மரத்தை எடாமையே காப்பாகும். 2001ஆம் ஆண்டு யுனெஸ்கோ உடன்படிக்கையும், கிடந்த இடத்திலேயே காப்பதை முதலில் எண்ணுக என விதிக்கின்றது.

ஆயினும் அளத்தில் வாய்க்கால் வெட்டுவோர் மண்வெட்டியிற் பழம்பலகை தட்டுப்படுமாயின், ஆய்வாளர் வருமுன் கழியும் சில மணி நேரமே அதன் விதியை முடிவு செய்யும். அப்பொழுது செய்யத்தக்கன எளியனவே: வெட்டுவதை நிறுத்துதல், பலகையை இழுக்காமை, ஈரச் சேற்றையோ நனைந்த சாக்கையோ அதன்மேல் இடுதல், இடத்தைக் குறித்து வட்டாட்சியருக்கோ தொல்லியல் துறைக்கோ தெரிவித்தல். இவற்றை அளத்தொழிலாளரிடத்தும் மீனவரிடத்தும் முன்னரே பரப்புதல் பல்கலைக்கழகத் துறைகளின் கடன். கூலி நாளை இழந்து ஒரு பலகையைக் காப்பவர்க்கு அவ்விழப்பை ஈடுசெய்தலும் அக்கடனுள் அடங்கும்.

6. முடிவுரை

நுளையர் கடல் தந்த மரத்தை எரித்தது பிழையன்று. அதன் பயன் அவர்க்கு அதுவே. இன்று அத்தகைய மரம் நம் கப்பற்றொழிலின் எழுதப்படாத வரலாறு என்பதை அறிவோம். அவ்வறிவு அதனை முதலிற் காணும் கைகளைச் சென்றடைதல் வேண்டும். அடையாதாயின், எயிற்பட்டினத்துக் கலமொன்று வெளிப்படும் நாளும் நத்தத்தனார் கண்ட அடுப்பிலேயே முடியும்.